ஆல்புமின், சுகரோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறுநீரைச் சோதித்தே புற்றுநோயைத் தொடக்கத்தில் கண்டுபிடிக்கும் முறைகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியை இரண்டு முறை படித்தேன். 1988 முதல் 32 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் ஆய்வக நுட்புநராக இருந்தவள் நான். திருவாரூர், நாகை மாவட்டங்களில் நாலைந்து ஊர் மாறி மாறி வேலை பார்த்தேன். எத்தனை ஆயிரம் பேருடைய சிறுநீரைக் கையில் வாங்கியிருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. அப்படிப்பட்டவளின் கூடப்பிறந்த அண்ணனே இந்த நோயில்தான் போனார். அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை என்னால் எழுத முடியாது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முத்துப்பேட்டைப் பக்கம் அண்ணனுக்கு 84 தென்னை. விடிந்து பார்த்தபோது 11தான் நின்றது. நாள் கணக்கில் கரண்ட் இல்லை. விழுந்த மரத்தை அறுக்க ஆள் கிடைக்காமல் அவரும் மகனுமாக அறுத்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு நாள் காலையில் தோப்பில் ஒதுங்கியபோது, காய்ந்த மட்டையின் மேல் நீர் சிவப்பாக விழுந்ததைப் பார்த்திருக்கிறார். வலி இல்லை, எரிச்சல் இல்லை. பாரம் தூக்கினதில் உள்ளே ஏதோ பிசகியிருக்கும், போதாததற்கு உடம்புச் சூடு என்று அவரே முடிவு கட்டிவிட்டார். விழுந்த மரத்து இளநீர் காலடியில் கிடந்தது. வெட்டி வெட்டிக் குடித்தார். மூன்றாம் நாள் நீர் தெளிந்துவிட்டது. இளநீர் கேட்டது என்று நினைத்துக்கொண்டார்.

தை அறுவடை சமயத்தில் மறுபடி வந்தது. இந்த முறை அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். கல்லாக இருக்கும் என்று அண்ணி வாழைத்தண்டுச் சாறு கொடுத்தார். நின்றது. சித்திரையில் வந்தபோது பக்கத்து ஊரில் ஒரு மருத்துவரிடம் போனார். நீர்த்தாரையில் கிருமி என்று ஐந்து நாளைக்கு மாத்திரை. அதுவும் நின்றது. ஒவ்வொரு தடவையும் ரத்தம் தானாகத்தான் நின்றிருக்கிறது. கடைசியாக எதைக் குடித்தாரோ அதற்குப் பெயர் போனது. ஆடிக் கடைசியில் ஒரு ராத்திரி, கட்டி கட்டியாக ரத்தம் வந்து நீர் அடைத்துக்கொண்டது. அடிவயிறு பானை மாதிரி வீங்கிப்போய்க் காரில் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கேயிருந்துதான் எனக்குப் போன் வந்தது.

குழாய் போட்டுப் படுத்திருந்தார். "ஏன்ண்ணே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஒங்கிட்ட போயி இத எப்படி ஆயி சொல்றது?" என்றார்.

ஊரில் யார் யாரோ என்னிடம் பாட்டிலை நீட்டினார்கள். கூடப்பிறந்தவர் கூச்சப்பட்டுக்கொண்டு ஒன்பது மாதம் சும்மா இருந்துவிட்டார். ஸ்கேனில் சிறுநீர்ப்பைக்குள் கட்டி தெரிந்தது. சதையெடுத்துப் பார்த்ததில் பையின் தசைச் சுவருக்குள்ளேயே இறங்கியிருந்தது. பையையே எடுத்துவிட்டு, குடலில் ஒரு துண்டை வெட்டி வழி அமைத்து, வயிற்றில் துளை வைத்து, வெளியே பை ஒட்டினார்கள். வேட்டி கட்டும் மனிதர். அந்தப் பையை மறைக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. இரண்டு வருடம் இருந்தார்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் இதுதான்: வலியில்லாமல் நீரில் ரத்தம். வலித்தால் நம் ஆட்கள் ஓடி வந்துவிடுவார்கள். கல்லடைப்பு வந்தவர் துடிக்கிற துடிப்பில் தெருவே கூடிவிடும். இது வலிக்காது. அதோடு விட்டு விட்டு வரும். ஒரு நாள் வந்து ஒரு மாதம் காணாமல் போகும். நின்றுவிட்டது என்பதால் குணமாகிவிட்டது என்று அர்த்தமே இல்லை. நீரில் ரத்தம் வந்த எல்லாருக்கும் புற்றுநோய் என்று பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. கிருமித் தொற்று, கல், காசநோய், சிறுநீரக வீக்கம் என்று எத்தனையோ காரணம் உண்டு. பீட்ரூட் சாப்பிட்டாலும் நீர் சிவக்கும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் போகும். எதனால் என்பதை ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால்தானே சொல்ல முடியும்?

அந்த ஒரு சொட்டைப் பார்ப்பது எப்படி என்று கொஞ்சம் எழுதுகிறேன். பத்து மில்லி சிறுநீரைச் சோதனைக்குழாயில் ஊற்றி, சென்ட்ரிஃபியூஜில் ஐந்து நிமிடம் சுற்றவிட வேண்டும். மேலே நிற்கும் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் அடியில் துளி மண்டி இருக்கும். 'டெபாசிட்' என்போம். அதைக் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கவர் ஸ்லிப் போட்டு, முதலில் பத்து மடங்கிலும் பிறகு நாற்பது மடங்கு லென்ஸிலும் பார்க்க வேண்டும். சிவப்பணு சிவப்பாகவே தெரியாது. வெளிறிய வெண்கல நிறத்தில், நடுவில் குழிந்த குட்டித் தட்டு மாதிரி தெரியும். கெட்டியான நீராக இருந்தால் ஓரம் சுருங்கி முள்முள்ளாக இருக்கும். ஒரு பார்வைப் பரப்பில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் காரணம் தேட வேண்டும். கண்ணுக்கு நீர் தெளிவாகத் தெரியும்போதே இது பிடிபட்டுவிடும். நேரம் முக்கியம். எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் அணுக்கள் கரைந்து போகும்.

இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். சென்ட்ரிஃபியூஜும் மைக்ரோஸ்கோப்பும் நான் வேலை பார்த்த சின்ன மருத்துவமனைகளில்கூட இருந்தன. ஆனால் நடந்தது என்ன? சீட்டில் 'ஆல்புமின், சுகர், டெபாசிட்' என்று மூன்றும் எழுதியிருக்கும். காலை பத்து மணிக்கு ஜன்னலுக்கு வெளியே எண்பது பேர் நிற்பார்கள். இருமல் மருந்து பாட்டிலைக் கழுவாமல் அதிலேயே பிடித்துக்கொண்டு வருவார்கள், சர்க்கரை ஏகத்துக்குக் காட்டும், திரும்ப எடுத்துவரச் சொல்ல வேண்டும். மாசமான பெண்கள் மயங்கி உட்கார்ந்திருப்பார்கள். ஆள் ஒருவர்தான். ஆல்புமின் என்ற புரதமும் சுகரும் பார்த்தாகிவிடும். டெபாசிட் என்ற இடத்தில் 'ஒன்றிரண்டு பஸ் செல்' (சீழணு) என்று பார்க்காமலே எழுதிப் போகும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. நானும் எழுதியிருக்கிறேன். அண்ணனுக்கு வந்த பிறகு, அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் யாராவது ஒருவர் என்று நினைத்து எத்தனையோ ராத்திரி தூங்கவில்லை.

பார்த்த ஒரு நாளையும் சொல்லிவிடுகிறேன். 2009 வாக்கில், பேருந்து ஓட்டுநர் ஒருவர் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வந்தார். ஐம்பத்திரண்டு வயது. அன்று மழை, கூட்டம் இல்லை. நிதானமாகச் சுற்றவிட்டு டெபாசிட் பார்த்தேன். பரப்புக்குப் பத்து, பன்னிரண்டு சிவப்பணு. கிருமிக்கான பஸ் செல் இல்லை. "அண்ணே, பீடி சிகரெட் உண்டா?" என்று கேட்டேன். நாளைக்கு ஒரு கட்டு என்றார். அப்போதிருந்த டாக்டர் அம்மாவிடம் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மறுநாள் மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லி, அதிலும் இருக்கவே, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தார். குழாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்ததில், நெல்லிக்காய் அளவுகூட இல்லை, சின்னக் காலிஃபிளவர் பூ மாதிரி ஒரு கட்டி பையின் உள்தோலில் ஒட்டிக்கொண்டிருந்தது. வயிற்றைக் கிழிக்காமல் அதே வழியில் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அப்புறம் வாரம் ஒரு முறையாக ஆறு வாரம் பைக்குள் பி.சி.ஜி. மருந்து விட்டார்கள். ஆமாம், பிறந்த குழந்தைக்குக் கையில் போடுகிற அதே பி.சி.ஜி. கனடாவில் மொராலெஸ் என்ற மருத்துவர் 1976இல் வெளியிட்ட சிகிச்சை முறை அது. காசநோய்த் தடுப்பு மருந்து சிறுநீர்ப்பைக்குள் போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பிவிட்டு மிச்சமிருக்கும் கெட்ட செல்களை அழிக்க வைக்கிறது. முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்க் கேமராவில் பார்த்துக்கொண்டார். இது திரும்பத் திரும்ப முளைக்கிற நோய், விடாமல் பார்த்தாக வேண்டும். சென்ற வருடம் மன்னார்குடி பேருந்து நிலையத்தில் பேத்தியோடு அவரைப் பார்த்தேன்.

அண்ணனுக்கும் அவருக்கும் ஒரே நோய், ஒரே பீடிப் பழக்கம். அண்ணன் பதினேழு வயதில் தொடங்கியவர். புகைக்கும் நுரையீரலுக்கும் உள்ள தொடர்பு எல்லாருக்கும் தெரிகிறது, மூத்திரப்பைக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். புகையில் உள்ள நச்சு ரத்தத்தில் கலக்கிறது, சிறுநீரகம் அதை வடிகட்டுகிறது, வடித்தது பைக்குள் மணிக்கணக்கில் தேங்கி நின்று உள்தோலைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. சம்பந்தம் இவ்வளவுதான். சாயமும் இப்படித்தான். 1895இல் ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், அனிலின் சாயத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைக் கவனித்து எழுதினார். பென்சிடின் சார்ந்த சாயங்களை நம் நாட்டில் 1990களிலேயே தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் கும்பகோணம், திருபுவனம் பக்கம் பட்டுக்குச் சாயம் தோய்த்தே வயதான பெரியவர்கள் இருக்கிறார்கள். பழைய நாளில் எந்தச் சாயத்தில் கைவைத்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. நீரில் நிறம் மாறினால் அவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இனி உங்கள் செய்திக்கு வருகிறேன். சிறுநீரில் நோயைத் தேடுவது இன்று நேற்றுத் தொடங்கியதில்லை. நம் சித்த வைத்தியர்கள் நீர்க்குறி, நெய்க்குறி என்று பார்த்தார்கள். நோயாளியின் நீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக நீள்கிறதா, வளையமாகப் பரவுகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்த்து வாதம், பித்தம், கபம் சொன்னார்கள். என் தாத்தா காலத்தில் எங்கள் தெருவிலேயே அப்படிப் பார்த்தவர் இருந்தார். அதில் புற்றுநோய் தெரியும் என்று இப்போது சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. ஆனால் உடம்பிலிருந்து வருவதை அருவருக்காமல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் பழையது. அந்த எண்ணத்தை மதிக்கிறேன்.

புற்றுநோயைக் காட்டிக்கொடுத்த முதல் ஆய்வகச் சோதனை என்று எங்களுக்குப் பாடம் சொன்னது 1845இல் லண்டனில் நடந்தது. எலும்பு வலியோடு படுத்திருந்த ஒருவரின் சிறுநீரை, இது என்ன என்று கேட்டு ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவருக்கு அனுப்பினார்கள். சூடு காட்டினால் திரிந்தது, கொதித்தால் கரைந்தது, ஆறினால் மறுபடி திரிந்தது. அவர் பெயரையே அந்தப் புரதத்துக்கு வைத்துவிட்டார்கள். எலும்பு மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோயில் கசிகிற புரதம் அது. இதை என் வாழ்நாளில் ஒரே ஒரு முறை என் கையால் பார்த்திருக்கிறேன். நடவு வேலைக்குப் போகிற ஒரு அம்மா, ஆறேழு மாதமாக முதுகு வலி, ரத்தமும் குறைவு. குனிந்து நட்டால் முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று எல்லாரும் தைலம் தடவச் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவருக்குச் சந்தேகம் தட்டி, வெந்நீரில் வைத்துப் பாருங்கள் என்று எழுதி அனுப்பினார். பீக்கரில் தண்ணீர் வைத்து, தெர்மாமீட்டரைச் செருகி, குழாயை இறக்கினேன். ஐம்பது டிகிரி தாண்டியதும் பால் கலந்த மாதிரி வெளுத்தது. அறுபதுக்குள் திரிதிரியாகத் திரண்டது. கொதி வந்ததும் கண்ணெதிரே தெளிந்தது. கையில் பிடித்துக்கொண்டே நின்றேன், ஆற ஆற மறுபடி வெளுத்தது. நீரில் முக்கி நிறம் பார்க்கிற சாதாரண ஸ்டிரிப்பில் இது சரியாகத் தெரியாது, ஏனென்றால் அந்த ஸ்டிரிப் ஆல்புமினைப் பிடிப்பதற்குச் செய்தது. இப்போது இதற்கு, மின்சாரம் செலுத்திப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோஃபோரிசிஸ் வந்துவிட்டது, ஸ்பிரிட் விளக்கில் யாரும் பார்ப்பதில்லை.

முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்று கிராமத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். கருவாக வளராமல் முத்து முத்தாகக் கொத்தாக வளர்ந்துவிடும். சுத்தம் செய்து அனுப்பிய பிறகும், கர்ப்பம் பார்க்கிற அதே ஹார்மோன் குறைந்து இல்லாமல் போகிறதா என்று வாரா வாரம் சோதிக்க வேண்டும். ரத்தத்தில் பார்ப்பது நல்லது, சிறுநீரிலும் பார்க்கலாம். குறையாமல் நின்றாலோ ஏறினாலோ அது புற்றாக மாறுகிறது என்று அர்த்தம். 1956இல் அமெரிக்காவில் மின் சியூ லி என்ற மருத்துவர் இந்தப் புற்றுநோய்க்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைக் கொடுத்துக் குணப்படுத்தினார். கட்டி கண்ணுக்கு மறைந்த பிறகும், சிறுநீரில் அந்த ஹார்மோன் துளி இருக்கிறவரை மருந்தை நிறுத்த மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். வீணாக விஷம் கொடுக்கிறார் என்று வேலையை விட்டே அனுப்பினார்கள். அவர் வைத்தியம் பார்த்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். சீக்கிரம் நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பியது. சிறுநீர்ச் சோதனையை நம்பி நின்ற அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்னும் மெய் சிலிர்க்கிறது. நம் பெண்களோ, சுத்தம் செய்துவிட்டு வந்ததும் ஊர் வாய்க்குப் பயந்து அடுத்த சோதனைக்கே வருவதில்லை. கல்யாணமாகி ஆறு மாதமான ஒரு பெண்ணை, அவள் மாமியாரிடம் மன்றாடி, பன்னிரண்டு வாரம் விடாமல் வர வைத்தேன். நல்லபடியாக இறங்கியது.

சிறுநீரில் உதிர்ந்து வரும் செல்களைச் சாயமேற்றிப் புற்றுச் செல் தேடும் சைட்டாலஜி சோதனையைப் பாபனிகோலோவும் மார்ஷலும் 1945இல் எழுதினார்கள். கருப்பைவாய்க்குப் 'பாப்' சோதனை தந்தாரே, அதே பாபனிகோலோ. வீரியமான புற்றாக இருந்தால் இது நன்றாகக் காட்டும், மந்தமாக வளர்கிற கட்டியைத் தவறவிடும். 1990களிலிருந்து இன்னும் நுட்பமான சோதனைகள் வந்தன. புற்றுச் செல் விடும் புரதத்தைப் பிடிப்பது ஒன்று, குரோமோசோம் கோளாறை ஒளிரவைத்துப் பார்ப்பது ஒன்று. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் புற்றுநோய்க்கு 2012இல் ஒரு சிறுநீர்ச் சோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த சங்கீதா பாட்டியா என்ற விஞ்ஞானி, ஊசியில் போட்ட நுண்துகள்கள் கட்டியின் நொதியால் உடைந்து சிறுநீரில் வருவதைக் காகிதப் பட்டையில் காட்டிவிட்டார், 2014இல், எலிகளில். ஜப்பானில் ஒரு நுண்புழு புற்றுநோயாளியின் சிறுநீர் வாடையைத் தேடிப் போகிறது என்று 2015இல் எழுதினார்கள். இவையெல்லாம் நம் வட்ட மருத்துவமனைக்கு வந்து சேரட்டும், சந்தோஷம்தான். ஆனால் 'ஒரு சொட்டுச் சிறுநீரில் எல்லாப் புற்றுநோயும்' என்று வாட்ஸப்பில் சுற்றுவதைப் பார்த்து, ஐந்தாயிரம் ஆறாயிரம் கொடுத்துச் சோதித்துக்கொண்டு 'இல்லை' என்று சீட்டு வாங்கி வீட்டில் மாட்டிவிட வேண்டாம்.

எல்லாருக்கும் சோதித்துவிட்டால் நல்லதுதானே என்றும் சிலர் கேட்பார்கள். ஜப்பான்காரர்கள் அதைச் செய்து பார்த்தார்கள். நியூரோபிளாஸ்டோமா என்று குழந்தைகளுக்கு வரும் ஒரு புற்றுநோய். ஆறு மாதக் குழந்தைகள் எல்லாருடைய சிறுநீரையும் 1980களின் நடுவிலிருந்து நாடு முழுவதும் சோதித்தார்கள். ஏராளமாகப் பிடிபட்டது. ஆனால் பிடிபட்டதில் நிறைய, விட்டிருந்தால் தானாகவே சுருங்கிப் போயிருக்கக்கூடிய கட்டிகள். கொல்லுகிற வகையோ அந்த வயதுக்குப் பிறகு வந்தது. தேவையில்லாமல் எத்தனை பச்சைக் குழந்தைகளுக்குக் கத்தி வைத்திருப்பார்கள்! 2004இல் திட்டத்தை நிறுத்திக்கொண்டார்கள். அதனால் ஊர் முழுக்கப் பாட்டில் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நீரில் நிறம் கண்டவர்கள், ஐம்பது வயது தாண்டிய பீடி, சிகரெட்காரர்கள், சாயத்தொழில் செய்தவர்கள், இவர்களை விட்டுவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் தங்கைகள் வீட்டுக்கு வீடு வருகிறார்கள். சர்க்கரை பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். என் வீட்டுக்கும் வருகிறார்கள், பாராட்ட வார்த்தை இல்லை. சிறுநீரகம் கெடாமல் காக்க 2023இல் அரசு தொடங்கிய திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் புரதமும் பார்க்கிறார்கள். அந்த ஏற்பாட்டிலேயே ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும்: "இந்த ஒரு வருஷத்துல எப்பவாவது நீர் சிவப்பாவோ, டீ டிக்காஷன் மாதிரியோ போச்சா?" பணம் செலவாகாது. ஆண்களிடம் ஆண் பணியாளர் கேட்டால் இன்னும் நல்லது. அண்ணன் மாதிரி ஆட்கள் பெண்ணிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

அடுத்தது ஸ்டிரிப். நான் வேலை பார்த்த இடங்களுக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் ஆல்புமினுக்கும் சுகருக்கும் இரண்டே கட்டம் உள்ள ஸ்டிரிப். ரத்தத்துக்கான கட்டமும் சேர்ந்த ஸ்டிரிப் இருக்கிறது. மஞ்சள் கட்டத்தில் பச்சைப் புள்ளி விழும், புதிதாகச் சேர்ந்த பெண்கூடப் படித்துவிடலாம். அதை வாங்கிக் கொடுங்கள். பச்சை விழுந்தவர்களுக்கு மட்டுமாவது டெபாசிட்டைச் சுற்றவிட்டு லென்ஸில் பாருங்கள். ஸ்டிரிப்பை மட்டும் நம்பி யாருக்கும் நோய் உண்டு, இல்லை என்று சொல்ல வேண்டாம். வைட்டமின் சி மாத்திரை நிறையப் போட்டிருந்தால் ரத்தம் இருந்தும் காட்டாது. ஆய்வக நுட்புநர் பணியிடங்கள் காலியாகக் கிடந்தால் இதில் எதுவும் நடக்காது என்பதையும் சுகாதாரத் துறை அதிகாரிகள் கவனிக்க வேண்டும்.

சைட்டாலஜி பார்க்கும் நோய்க்குறியியல் துறை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று நம் மருத்துவக் கல்லூரிகளிலேயே இருக்கிறது. நோயாளி அத்தனை தூரம் போக வேண்டியதில்லை, பாட்டில் போனால் போதும். சிறுநீரில் சம அளவு ஐம்பது சதவீத ஆல்கஹால் ஊற்றி வைத்தால் செல் கெடாது, மறுநாள் போகிற வண்டியில் அனுப்பலாம். விடிந்ததும் போகிற முதல் நீர் இதற்கு வேண்டாம். ராத்திரி முழுக்கப் பைக்குள் கிடந்ததில் செல்கள் சிதைந்திருக்கும். அதற்கு அடுத்து வருவதைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். மூன்று நாள் எடுத்தால் தவறிப்போகிற வாய்ப்பு குறையும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த நோய் ஆண்களுக்கு மூன்று நாலு மடங்கு அதிகம்தான். ஆனால் பெண்களுக்குத் தெரிய வரும்போது முற்றிப்போய் இருக்கிறது. காரணம், பெண் வந்து நின்றாலே நீர்க்கடுப்பு என்று மாத்திரை எழுதிவிடுவது. நடவுக்குப் போகிறவர்கள் ஒதுங்க இடமில்லாமல் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை, அவர்களுக்கு நீர்க்கடுப்பு வருவதும் உண்மை. ஆனால் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குக் கொடுக்காமல் இரண்டாவது முறை, மூன்றாவது முறை மாத்திரை சாப்பிட வேண்டாம், அம்மா. "கிருமி வளந்துச்சா டாக்டர்?" என்று கேளுங்கள். தீட்டு நின்ற பிறகு உள்ளாடையில் ரத்தம் பட்டால், அது எந்த வழியில் வந்தது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். கருப்பையில் வந்தாலும் பார்க்க வேண்டும், மூத்திரப்பையில் வந்தாலும் பார்க்க வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். நம்மூருக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவர் தொடங்கிய வேலை நம் தெரு வரைக்கும் வந்து சேர வேண்டாமா?

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நாளிதழை எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க நாலைந்து பேர் கேட்கிறார்கள். அண்ணனும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். மேட்டூர் திறந்து குறுவைக்கு ஆட்கள் வயலில் இறங்கிவிட்டால் பேப்பர் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது, அதற்கு முன்னால் இதைப் போடுங்கள். இடம் போதாமல் கடிதத்தை எங்கே வெட்டினாலும் சரி. 'சிறுநீரக நலப் பரிசோதனை' என்று மட்டும் தலைப்பை மாற்றிவிடாதீர்கள். 'மூத்திரத்தில் ரத்தம் வந்தால், நின்றுபோனாலும் போய்க் காட்டுங்கள்' என்று அந்தச் சொல்லைப் போட்டே, கடையில் படிக்கிறவர் வாய்விட்டுச் சொல்கிற மாதிரிக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்,
திருவாரூர் மாவட்டம்.